‘பண்ணிட்டேன்’ என்றால் பண்ணிய பிறகு

எங்கள் வீட்டில் ‘வந்துட்டேன்’ என்றால் இன்னும் கிளம்பவில்லை என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் சாயங்காலம் போன் செய்து, “எங்க கீற?” என்பார். நான் மில்லில் தலைத்துணியை உதறிக்கொண்டே, “தோ, வந்துட்டேன்” என்பேன். அவரும் அதைக் கேட்டுவிட்டு நிதானமாகக் குளிக்கப் போவார். குளித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றும்போதுதான் நான் அடி அண்ணாமலை நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்குவேன். இதைப் பொய் என்று அவர் நினைத்ததில்லை. நாற்பத்திரண்டு வயதில் ஸ்பேனர் பிடிக்கும்வரை நானும் நினைத்ததில்லை.

நான் வேலை செய்தது மல்லாட்டை உடைக்கும் மில். மற்ற ஊர்க்காரர்கள் நிலக்கடலை என்பதை நாங்கள் மல்லாட்டை என்போம். பதினான்கு வருடம் சலிக்கும் மேடையில் உட்கார்ந்து, உடைந்த பருப்பையும் சொத்தைப் பருப்பையும் பொறுக்கியிருக்கிறேன். எதிரே உடைக்கும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் சத்தம் என் காதில் அப்படிப் படிந்துவிட்டது, வீட்டில் படுத்தால் அது இல்லாதது ஒரு குறையாகத் தெரியும். மெஷின் நின்றுபோனால் டவுனிலிருந்து மெக்கானிக் வர வேண்டும். போன் போட்டால் அவரும், “தோ, வந்துட்டேன்” என்பார். அவர் வருவதற்குள் நாங்கள் மதியச் சாப்பாட்டை முடித்து ஒரு குட்டித் தூக்கமும் போட்டிருப்போம்.

ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வந்தால் வாய் சும்மா இருக்காது. “பெல்ட் அந்து போறதுக்கு முன்னாடியே அதோட சத்தம் மாறுது முதலாளி. எனக்கே தெரியுது. அந்த ஆளுக்குத் தெரியல. கழட்டி மாட்டக் கத்துக்கினா நானே செஞ்சிடுவேன்” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். மேடையில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. வேலூர் ரோட்டில் ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாத மெயின்டனன்ஸ் வகுப்பு நடப்பதாகச் சொன்னார். காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் மில்லுக்கு வந்தால் போதும். “பாஸ் பண்ணிட்டு வா, இந்த மெஷின் உன் பொறுப்பு. பெயிலானா வெளியே இருந்து ஒரு ஆளைப் போட்டுக்கறேன். அப்புறம் சத்தம் மாறுது, சந்தம் மாறுதுன்னு எங்கிட்ட வரக் கூடாது” என்றார்.

அவ்வளவுதான். எனக்கு அந்த மெஷின் வேண்டும் போல் ஆகிவிட்டது. புடவை, நகை எதற்கும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை.

வகுப்பில் பன்னிரண்டு பேர். பெண்கள் மூன்று பேர். சொல்லிக்கொடுத்தவள் என் தங்கை மகள் வயதுதான் இருப்பாள், இருபத்தாறோ இருபத்தேழோ. டிப்ளமோ படித்துவிட்டுச் செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். நாங்கள் அவளை மேடம் என்போம், அவள் எங்களை அக்கா, அண்ணா என்பாள். குரல் மெலிசு. ஆனால் பட்டறைக்குள் அவள் ஒரு தடவை கை தூக்கினால் பன்னிரண்டு பேரும் சிலையாகிவிடுவோம்.

முதல் நாள் நான் நல்ல சகுனமாக இருக்கட்டும் என்று இரண்டு முழம் மல்லி வைத்துக்கொண்டு போனேன். மற்ற இரண்டு பெண்களும் அதே எண்ணத்தில் வந்திருந்தார்கள். மேடம் எங்கள் தலையைப் பார்த்தாள். “பூ வேணாம்னு சொல்லலக்கா. கதவு வரைக்கும் வெச்சிக்குங்க” என்றாள். கதவுக்குப் பக்கத்தில் ஹெல்மெட் மாட்டும் ஆணிகளில் ஒன்றைக் காலி செய்து கொடுத்தாள். அன்றிலிருந்து மூன்று மாதமும் மஞ்சள் ஹெல்மெட்டுகளுக்கு நடுவே மூன்று சரம் மல்லி தொங்கியது. கிரீஸ் நாற்றத்துக்கு நடுவில் அந்த வாசனை, எனக்கு இன்றைக்கும் பிடித்த வாசனை அதுதான். வளையலைக் கழற்றுவது சுலபம். தாலிக்கயிறுதான் கொஞ்சம் பேச்சானது. “சுத்துற ஷாஃப்டுக்கு அது தாலியா துப்பட்டாவான்னு தெரியாதுக்கா” என்றாள் மேடம். கடைசியில் கயிற்றை உள்ளே விட்டு, கழுத்துவரை பட்டன் போட்ட நீலக் கோட்டை மேலே மாட்டிக்கொள்வது என்று முடிவானது. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. ரொம்பப் பிடித்திருந்தது.

பாடமும் அப்படித்தான் பிடித்துப்போயிற்று. பத்து-பதினொண்ணு, பன்னிரண்டு-பதின்மூன்று என்று ஸ்பேனர்களுக்கு நம்பர் உண்டு. ஒரு வாரத்தில் நட்டைப் பார்த்தாலே நம்பர் சொல்லத் தொடங்கினேன். எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பதில்தான் எல்லோருக்கும் குழப்பம். நான், “கிரிவலத்துல மலையச் சுத்தற பக்கம் இறுகும், எதிர்ப்பக்கம் சுத்தினா கழண்டுக்கும்” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து மேடமே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். பேரிங் பழுதா என்று பார்க்க, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பேரிங் கூட்டின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்க வேண்டும். மற்றவர்கள், “எல்லாம் ஒரே இரைச்சலா கீதே” என்று விழித்தார்கள். எனக்கோ உள்ளே ஒரு குண்டு தேய்ந்து கரகரப்பது பளிச்சென்று கேட்டது. பதினான்கு வருடம் மேடையில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்த்தார்கள். என் ஜோடி, ரமணாசிரமம் பக்கம் ஒரு லாட்ஜில் மோட்டார் போடுவது முதல் பல்பு மாற்றுவது வரை எல்லா வேலையும் பார்த்த ஐம்பது வயதுக்காரர். எல்லோரும் அவரை லாட்ஜ் அண்ணா என்றார்கள். அவருக்கு இடதுகைச் சுண்டுவிரலில் மேல் கணு கிடையாது. கேட்டால் ஒவ்வொருவரிடம் ஒவ்வொரு கதை சொல்வார். என்னிடம், மலைமேல் ஒரு குரங்கு பிஸ்கட்டோடு சேர்த்துக் கடித்துவிட்டது என்றார். மேடத்திடம், வெள்ளைக்காரம்மா ஒருத்தர் கதவைச் சாத்தியதில் போய்விட்டது என்றார். நாங்கள் டீ நேரத்தில் கதைகளை ஒப்பிட்டுப் பார்த்துச் சிரிப்போம்.

மூன்றாவது வாரம் பெல்ட் மாற்றும் பாடம். பழக்குவதற்கென்று சரக்கு நகர்த்தும் ஒரு சின்ன கன்வேயர் வைத்திருந்தார்கள். விதி எளிது. ஒருவர் மின்சாரப் பெட்டியில் பிரேக்கரை ஆஃப் செய்து, அதற்குச் சிவப்புப் பூட்டுப் போட்டு, ‘வேலை நடக்கிறது’ என்ற அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைப் பாக்கெட்டில் போட வேண்டும். பிறகு ஸ்டார்ட் பட்டனை அமுக்கி, மெஷின் ஓடவில்லை என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் மற்றவர் மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விடலாம். பெட்டி என் பொறுப்பு, பெல்ட் அண்ணா பொறுப்பு.

அண்ணா பழக்க தோஷத்தில் மூடியை முன்கூட்டியே கழற்றிவிட்டுக் குரல் கொடுத்தார். “ஆஃப் பண்ணிட்டியாம்மா?”

“பண்ணிட்டேண்ணா” என்றேன்.

நான் அப்போது பெட்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். நாலு எட்டு பாக்கி. அண்ணா கையை உள்ளே நீட்டினார். அதே நேரத்தில், அந்தப் பக்கம் வேறு வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் தெரியாமல் ஸ்டார்ட்டை அமுக்கப் போனார். மேடம் பாய்ந்து எமர்ஜென்சி பட்டனை அடித்த சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்துக்கொள்வேன். அவள் திட்டவில்லை. “அக்கா, பண்ணிட்டேன்னு சொன்னப்போ உங்க கை எங்க இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டாள்.

லாட்ஜ் அண்ணாதான் பேசினார். சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். “இது குரங்கு கடிச்சது இல்ல மேடம். லாட்ஜ்ல தண்ணி மோட்டாரு. கீழ இருந்தவன் ஆஃப் பண்ணிட்டேன்னான். நல்ல பையன்தான், பொய் சொல்றவன் இல்ல. பண்ணத்தான் போனான்” என்றார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

மேடம் போர்டில் மூன்று சொற்களை எழுதினாள்: பண்ணப்போறேன், பண்றேன், பண்ணிட்டேன். “நம்ம ஊர்ல இந்த மூணுக்கும் ஒரே அர்த்தம். கெளம்பாமயே வந்துட்டேன்பாங்க, அரிசி களையாமயே சோறு ஆயிடுச்சும்பாங்க. வீட்ல சொல்லுங்க, யாருக்கும் விரல் போகாது. இந்தக் கதவுக்கு உள்ள பண்ணிட்டேன்னா பூட்டு போட்டு, சாவி பாக்கெட்ல இருக்கணும். தப்பா சொல்றவங்க அன்னிக்குப் பட்டறை கூட்டணும்” என்றாள். இரும்புத் தூளைக் கூட்டுவது சாமானிய வேலையல்ல, தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிடும்.

மூன்று மாதத்தில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அதற்குப் பிறகு வந்தவைதான். பெரிய பெரிய ஆட்களெல்லாம் ‘ட்டேன்’ என்று ஆரம்பித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். “துடைச்சிட்… துடைச்சிக்கினு கீறேன்” என்று ஒருவர் திணறுவார். பத்துப் பேர் துடைப்பத்தை எடுத்து அவர் கையில் கொடுப்பார்கள். முதல் வாரத்தில் நான் நான்கு நாள் கூட்டினேன். ஒரு நாள் மேடத்துக்கே போன் வந்தது. “தோ, கெளம்பிட்டேம்மா” என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினால், லாட்ஜ் அண்ணா துடைப்பத்தோடு பணிவாக நிற்கிறார். “வூட்ல சொல்றதுக்கு லீவு உண்டுன்னீங்க. ஆனா நீங்க கதவுக்கு உள்ள நிக்கறீங்களே மேடம்!” அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வர, மூலை முடுக்கெல்லாம் கூட்டினாள்.

‘போய்ட்டு வரேன்’ என்பதற்கு மட்டும் விலக்குக் கேட்டோம். நாளைக்குத்தானே வருவோம், வரேன் என்று எப்படிச் சொல்வது என்று ஒருவர் கிளப்பிவிட்டார். “போறேன்னு எல்லாம் யாரும் சொல்லக் கூடாது, வாயக் கழுவுங்க” என்று மேடமே பதறிப்போய் விலக்குக் கொடுத்துவிட்டாள்.

கெட்ட பழக்கம் தொற்றுவது போல நல்ல பழக்கமும் வீட்டுக்குத் தொற்றிக்கொண்டது. ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர், “எங்க கீற?” என்றார்.

“மில்லுலதான். இன்னும் கெளம்பல. கெளம்ப கால் மணி நேரம் ஆகும்” என்றேன்.

அவர் பதறிப்போய், “ஏன், இன்னா ஆச்சு? யார்கூடனா சண்டையா? ஒடம்பு கிடம்பு சரியில்லயா?” என்றார்.

உண்மையைச் சொன்னால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. அன்று நான் வருவதற்குள் அவர் தெருமுனைக்கே வந்து நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், “அப்போ இத்தினி வருஷமா சொன்னதெல்லாம்?” என்றார். “தெரிஞ்சுதான குளிக்கப் போனீங்க?” என்றேன். அவர் என் பையை வாங்கிக்கொண்டு நடந்தார். ஆனாலும் அவருக்கு நம்பிக்கை சட்டென்று வரவில்லை. நான் எதைச் சொன்னாலும், “நிஜமாவே வந்துட்டியா?”, “நிஜமாவே முடிச்சிட்டியா?” என்று இரண்டாம் தடவை கேட்டுச் சரிபார்ப்பது அவருக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது.

பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், பேசவே மாட்டார், கைக்கடிகாரத்தையே பார்ப்பார். ஒவ்வொரு ஜோடியாக உள்ளே போக வேண்டும். கன்வேயரின் பெல்ட்டை மாற்றி, பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து, மூடியை மாட்ட வேண்டும். அரை மணி நேரம். எங்களுக்கு முன்னால் போன ஜோடி இருபதே நிமிடத்தில் வெளியே வந்து கை தட்டிக்கொண்டது.

உள்ளே போனதும் நான் பெட்டியைத் திறந்தேன். இரண்டு பிரேக்கர்கள், ஒன்றின் மேல் ‘கன்வேயர்’ என்று ஸ்டிக்கர். அதை ஆஃப் செய்தேன். பூட்டு, அட்டை, சாவி பாக்கெட்டில். ஸ்டார்ட்டை அமுக்கினேன்.

கன்வேயர் ஓடியது.

ஒரு நிமிடம் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஸ்டாப்பை அமுக்கிவிட்டு நின்றேன். பரீட்சைக்காரர், “என்னம்மா, ஆஃப் பண்ணியாச்சா? டைம் ஓடுது” என்றார். லாட்ஜ் அண்ணா ஸ்பேனரோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மேல் கணு இல்லாத விரல் எனக்கு நேரே தெரிந்தது. ‘ஆச்சுங்க’ என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய சொல், அது தானாகவே வந்துவிடும்.

“இல்லைங்க சார். நான் ஆஃப் பண்ணேன். அது ஆஃப் ஆகல” என்றேன்.

அவர் திரும்பக் கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். கன்வேயருக்குப் போகும் ஒயர் பக்கத்துப் பிரேக்கரிலிருந்து கிளம்பியது. பூட்டைக் கழற்றி, சரியான பிரேக்கரை ஆஃப் செய்து, மறுபடி பூட்டி, அட்டையை மாற்றி, ஸ்டார்ட்டை அமுக்கினேன். அசைவில்லை. இன்னொரு தடவை அமுக்கினேன். அசைவே இல்லை. அப்புறம்தான் திரும்பி, “ஆஃப் பண்ணிட்டேண்ணா” என்றேன். அவர் என்னைக் கேள்வி எதுவும் கேட்காமல் கையை உள்ளே விட்டார்.

போன நேரத்தைப் பிடிக்க முடியவில்லை. மூடியில் ஆறு போல்ட்டில் நான்குதான் போட்டிருந்தோம், மணி அடித்துவிட்டது. “முடிச்சிட்டீங்களா?” என்றார் பரீட்சைக்காரர்.

“முடிச்சிட்…” என்று ஆரம்பித்த லாட்ஜ் அண்ணா எச்சிலை விழுங்கிக்கொண்டார். “இல்ல சார். ரெண்டு போல்ட்டு பாக்கி.”

அவர் எதையோ எழுதிக்கொண்டு, “போகலாம்” என்றார். ஆணியிலிருந்த என் மல்லிச் சரத்தை எடுத்துக்கொள்ளக்கூட மறந்து வெளியே வந்தேன். ஷேர் ஆட்டோவில் மலையைப் பார்த்தபடி அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா வேண்டுதலாக்கும் என்று நினைத்து எனக்கு விபூதி கொடுத்தார்.

பத்து நாள் சலிக்கும் மேடையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். நான் வாயைத் திறக்காததைப் பார்த்து மில்லே பயந்துபோனது. மெஷினின் இடது பக்கப் பேரிங் லேசாகக் கரகரக்க ஆரம்பித்திருந்தது. எனக்குக் கேட்டது, சொல்லத்தான் உரிமை இல்லை.

பதினோராம் நாள் மேடம் போன் செய்தாள். “அக்கா, நீங்க பாஸ் ஆயிட்டீங்க!”

என் வாய் முந்திக்கொண்டது. “ஆயிட்டனா, ஆகப்போறனா?”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஆயிட்டீங்கக்கா. பூட்டு போட்டு சாவி என் பாக்கெட்ல இருக்கு. அண்ணாவும் பாஸ். ஸ்டிக்கரை மாத்தி ஒட்டினதே அந்த சார்தானாம், எனக்கே தெரியாது. இருபது நிமிஷத்துல முடிச்சாங்களே, அவங்க ஸ்டார்ட்ட அமுக்கிப் பாக்கவே இல்லியாம். அவங்க திரும்ப வரணும்.”

நான் மேடையை விட்டு எழுந்து நின்றேன். மடியிலிருந்த மல்லாட்டை எல்லாம் தரையில் கொட்டியது. கூட இருந்த பெண்கள், “இன்னாடி, இன்னாடி?” என்று சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுக்குச் சொல்வதற்கு முன்னால் வீட்டுக்கு போன் போட்டேன்.

“ஏங்க, பாஸ் பண்ணிட்டேன்” என்றேன்.

நிஜமாவே பண்ணிட்டியா என்பார் என்று காத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. “சரி. இந்தா, அடுப்பு பத்த வெச்சிட்டேன், வா” என்றார். தீக்குச்சி உரசும் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.